மறுவாழ்வு வார்டு: பி.ஜி. (மேல்படிப்பு படிக்கும்) டாக்டர்களுக்காகவே 4 ஸ்டார்

தென்னை மரத்திலிருந்து விழுந்த அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆபரேஷன் முடிந்து மறுவாழ்வு வார்டுக்கு மாற்றினார்கள். இந்த வார்டின் துறையான பிஎம்ஆர் (உடலியக்க மருத்துவமும் மறுவாழ்வும்) என்றால் வெறும் பிசியோதெரபி என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். இல்லை, அது எம்பிபிஎஸ் முடித்தபின் படிக்கும் 3 வருட எம்.டி. விபத்தில் கால்கள் செயலிழந்தும் சக்கர நாற்காலியிலிருந்தே வேலூர் சிஎம்சியில் இந்தத் துறையை நடத்தியவர் டாக்டர் மேரி வர்கீஸ்.

வந்ததுமே ஒரு பி.ஜி. டாக்டரம்மா குண்டூசியும் பஞ்சுமாக உட்கார்ந்துவிட்டார். "ஐயா, குத்துதா, சும்மா தொடுற மாதிரி இருக்கா?" கழுத்திலிருந்து பாதம் வரை கேட்டுக் கேட்டுக் குறித்தார். ஆசனவாயைச் சுற்றியும் பார்த்தார். அங்கே உணர்வு மிச்சமிருந்தால் தேறும் வாய்ப்பு கூடுதலாம். அப்பாவுக்குக் கூச்சம்தான், ஆனால் டாக்டரம்மா பேசிய விதத்தில் அது போய்விட்டது. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தானே சிறுநீர்க் குழாய் போட்டுக்கொள்ளவும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன்? பழகின டாக்டர் திடீரென வேறு போஸ்டிங் போய்விடுவார். புதியவரிடம் கதையை மறுபடி ஆரம்பிக்கணும். படுக்கைப்புண் வராமலிருக்க ராத்திரியும் 2 மணிக்கொரு தரம் புரட்டிவிடணும், அதனால் துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள்.