வயரா, வயர்லெஸா: கேம் விளையாட எந்த மவுஸ்?

"அண்ணை, வயர்லெஸ் வாங்கினால் லாக் அடிக்குமோ, கை அசைத்தது திரையில் பிந்தித் தெரியுமோ?" மவுஸ் வாங்க ரவுணுக்குப் போக முன்னம் தம்பிமார் என்னிடம் கேட்பது இதைத்தான். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் என்றால் யோசிக்காமல் ஓம் என்றிருப்பேன். இப்போது அந்தப் பயம் தேவையில்லை.

சாதாரண அலுவலக மவுஸ் தான் நகர்ந்ததைச் செக்கனுக்கு 125 தடவை கணினிக்குச் சொல்லும், அதாவது 8 மில்லி செக்கனுக்கு ஒருமுறை. கேமிங் மவுஸ் 1000 தடவை சொல்லும். வயர் உள்ள லொஜிடெக் ஜி102க்கும் 1000 தான், வயர் இல்லாத ஜி304க்கும் 1000 தான். யாழ்ப்பாணத்தில் இருந்து வலோரன்ட் என்கிற ஒன்லைன் சுடும் கேம் விளையாடுபவர் போய்ச் சேர்வது சிங்கப்பூர் சேர்வருக்கோ மும்பை சேர்வருக்கோ. சிங்கப்பூர் நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர். ஃபைபருக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும், ஆகவே போய்வரவே 28 மில்லி செக்கன் வேண்டும். கேபிள் வளைந்து வளைந்து வருவதால் பிங், அதாவது உண்மையில் போய்வர எடுக்கிற நேரம், அதைவிடக் கூடத்தான். இதற்குள் மவுஸின் ஒரு மில்லி செக்கனுக்காகக் கவலைப்படுவதில் பிரயோசனம் இல்லை.

ஆனால் வயர்லெஸ் என்று நான் சொல்வது யூஎஸ்பி ரிசீவரோடு வருகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் மவுஸை. புளூடூத்தில் மட்டும் ஓடுகிற மவுஸைக் கேமுக்கு வாங்கவே வேண்டாம், அதில் தாமதம் கையிலேயே தெரியும். ரிசீவரைக் கணினிப் பெட்டியின் பின்பக்கத்து நீல நிற யூஎஸ்பி 3 துளையில் குத்திவிட்டு "கேர்சர் துள்ளுது" என்று வருபவர்களும் உண்டு. அந்தத் துளையில் ஹார்ட் டிஸ்க் போன்ற ஏதாவது வேலை செய்யும்போது எழுகிற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் விழும். ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ரிசீவரை மவுஸுக்குக் கிட்டக் கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரி, உண்மையான வித்தியாசம் எங்கே? வயர் இழுப்பதில். குறைந்த டிபிஐயில், அதாவது மவுஸைக் கனதூரம் நகர்த்தினால்தான் கேர்சர் கொஞ்சம் நகரும்படி வைத்து, விளையாடுபவர் திரும்பிச் சுட முழுக் கையையும் வீசுவார். அப்போது வயர் மேசை விளிம்பில் மாட்டி ஒரு சின்ன இழுவை வரும், குறி ஒரு நூல் தள்ளிப்போகும். என் பழைய மவுஸில் துணி சுற்றிய தடித்த வயர். பெட்டிக்குள் மடிந்து கிடந்த வளைவு கடைசிவரை நிமிரவில்லை. ஒன்றரை வருடத்தில் மவுஸின் கழுத்தடியில், வயர் உள்ளே நுழைகிற இடத்தில், உள்ளே கம்பி அறுந்தது. விரலால் அந்த இடத்தை அமத்திப் பிடித்தால் கேர்சர் ஓடும், விட்டால் நின்றுவிடும். இரண்டு அங்குலம் வெட்டி, திரும்பப் பற்றவைத்து இன்னும் ஒரு வருடம் பாவித்தேன். வயர் மவுஸில் எனக்குப் பிடித்ததும் இதுதான்: பழுதானால் ஊரிலேயே திருத்தலாம். இழுவைக்கும் வழி இருக்கிறது. வயரில் கொஞ்சம் தளர்வு விட்டு, மொனிற்றரின் கீழ் விளிம்பில் ஒரு கிளிப்பால் பிடித்துவிடுங்கள், பாதிக்கு மேல் குறையும்.

வயர்லெஸில் பற்றரிதான் கவனிக்க வேண்டியது. உள்ளேயே சார்ஜ் ஏறுகிற லிதியம் பற்றரி வருடம் போகப் போகச் சக்தி குறையும், மாற்றப் பொருத்தமான பற்றரி தேடி அலைய வேண்டும். ஜி304க்கு ஒரு ஏஏ பற்றரி போதும், நாங்கள் பென்டோச் பற்றரி என்பது. ஒழுங்கைக் கடையிலும் கிடைக்கும். ஒரு பற்றரியில் 250 மணித்தியாலம் வரை என்று லொஜிடெக் சொல்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற காலத்தை அனுபவித்த எங்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. பற்றரியோடு அதன் நிறை 99 கிராம், ஜி102 85 கிராம். லிதியம் ஏஏ போட்டால் ஏழெட்டுக் கிராம் குறையும். 2020இல் வந்த ஜி புரோ எக்ஸ் சூப்பர்லைட் வயர் இல்லாமலே 63 கிராமுக்குள் நிற்கிறது, ஆனால் அது மாணவர்கள் வாங்குகிற விலையில் இல்லை.

ஏ.எல் படிக்கிற தம்பி கேட்டால் மெல்லிய வயர் உள்ள, நிறை குறைந்த வயர் மவுஸ் ஒன்றும், மிச்சக் காசுக்கு அகலமான மவுஸ் பாட் ஒன்றும் என்பேன். உழைக்கத் தொடங்கியவர் என்றால் ரிசீவரோடு வருகிற வயர்லெஸ். ரிசீவரைத் தொலைத்துவிடாதீர்கள். பல மொடல்களுக்கு அது தனியாகக் கடையில் கிடைப்பதில்லை.