பதிவு பண்ணலாம், வைத்துக்கொள்ள முடியாது

போன மாதம் எங்கள் வீட்டு ரெக்கார்டர் செட்டாப் பாக்ஸின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. அதே வாரத்தில் திண்டுக்கல்லில் இருக்கும் நண்பன் வாட்ஸப்பில் கேட்கிறான்: "டிஷ் கடைக்காரர் பழைய ஸ்டாக் ரெக்கார்டர் பாக்ஸைப் பாதி விலைக்குத் தர்றார், எடுக்கட்டுமா?" நேரம் பார்த்துக் கேட்டான். ஒரு வரியில் பதில் போட எனக்கு மனம் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போகும். 2015 உலகக் கோப்பைக்காக வாங்கிய பெட்டி இது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்ததால் ஆட்டமெல்லாம் நமக்கு விடியற்காலையிலோ ஆபீஸ் நேரத்திலோதான். மார்ச் 26 சிட்னி அரையிறுதி, வியாழக்கிழமை, காலை 9 மணிக்கு ஆரம்பம். பதிவு போட்டுவிட்டு, போனை அணைத்துவிட்டு, டீக்கடைப் பக்கம்கூடத் தலை திருப்பாமல் வீடு வந்து சேர்ந்தேன். இந்தியா 95 ரன்னில் தோற்றிருந்தது. ஒரு தோல்வியை முப்பது மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்து முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. அதற்காகவே காசு கொடுக்கலாம்.

அம்மாவுக்கு இது வேறு விதத்தில் பிடித்துப்போனது. சீரியல் ஓடும்போது வாசலில் யாராவது கூப்பிட்டால் நிறுத்திவிட்டுப் போவார், வந்து விட்ட இடத்தில் தொடர்வார். விளம்பரம் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறதாம். அம்மாவின் கட்டைவிரல் எந்த விதியையும் நம்பாது. வேண்டுமென்றே கால் மணி நேரம் தாமதமாக உட்காருவார். விளம்பரம், முன்கதைச் சுருக்கம், பாட்டு எல்லாவற்றையும் தாண்டிவிட்டு, நேரலை முடிகிற அதே நிமிடத்தில் அவரும் முடித்திருப்பார். யாரும் சொல்லித் தரவில்லை.

இனி என் புகார். இடம்.

பெட்டியின் மேல் 500 ஜிபி என்று ஒட்டியிருக்கிறது. அதில் எத்தனை மணி நேரம் பதியலாம் என்று விளம்பரத்தில் போடுகிற கணக்கெல்லாம் சாதாரணச் சேனலை வைத்துப் போடுவது. எச்டி கதை வேறு. விநாடிக்கு 8 மெகாபிட் வருகிற எச்டி சேனல் என்றால் மணிக்கு 3.6 ஜிபி. ஒரு டி20 ஆட்டம், முன்பேச்சு பின்பேச்சோடு நாலு மணி நேரம் வைத்தால் 14 ஜிபிக்கு மேல். ஐந்து நாள் டெஸ்ட் மேட்ச், நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் 126 ஜிபி. அதாவது ஒரே ஒரு டெஸ்ட் மேட்ச் டிஸ்க்கில் கால்வாசியை எடுத்துக்கொள்ளும். அந்த 500-ம் முழுதாக நம் கைக்கு வருவதில்லை. நேரலையை நிறுத்தி வைக்கிற வசதிக்கு ஒரு பங்கு, கம்பெனி தானாகவே இறக்கி வைக்கிற படங்களுக்கு ஒரு பங்கு என்று ஒதுக்கியது போக மிச்சம்தான் நமக்கு. அந்தப் படங்களில் ஒன்றைக்கூட இதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

இடம் குறைவு என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நிறைந்தால் பெட்டி என்ன செய்கிறது என்பதுதான் எரிச்சல். கேட்காது. சொல்லாது. பழையதிலிருந்து ஒவ்வொன்றாகத் தானே அழித்துக்கொண்டு வரும். அழிக்காமல் இருக்க ஒவ்வொரு பதிவிலும் போய்ப் பூட்டுக் குறி போட வேண்டும். நிறையப் பூட்டினால் புதிது எதையும் பதியாது, "இடமில்லை" என்று மட்டும் காட்டும், அதுவும் மறுநாள் காலையில். எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது, தேதி மட்டும்தான் தெரியும். போன தீபாவளிக்குப் போட்ட படத்தை வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய வாரம் அப்பா பாதி பார்த்து மிச்சம் வைத்திருந்த நாடகத்தைத் தூக்கிவிடும். விஎச்எஸ் காலத்தில் கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தாழ் இருக்கும். ஸ்குரூ டிரைவரால் நெம்பி உடைத்துவிட்டால் அதன் மேல் யாரும் பதிய முடியாது. மனம் மாறினால் அந்தக் குழியின் மேல் செல்லோ டேப் ஒட்டிக்கொள்ளலாம். எங்கள் வீட்டு அக்காவின் கல்யாண கேசட் அப்படித்தான் தப்பிப் பிழைத்தது.

தொடர்ப்பதிவு என்று ஒரு வசதி. ஒருமுறை போட்டால் சீரியல் தினமும் தானாகப் பதிவாகும். "மகா சங்கமம்" வரும் வரைக்கும். இரண்டு சீரியல்களைச் சேர்த்து ஒரு மணி நேரமாகப் போடும் வாரத்தில் நிகழ்ச்சி அட்டவணையில் பெயர் மாறிவிடும். பெயர் மாறினால் இது வேறு நிகழ்ச்சி என்று பெட்டி பேசாமல் இருந்துவிடும். ஆறு மாதமாகக் காத்திருந்த உண்மை வெளிவருகிற நாள் சரியாக அந்த வாரத்தில்தான் இருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். 2020 ஊரடங்கில் தலைகீழாக நடந்தது. படப்பிடிப்பு நின்றுபோய் சேனல்கள் பழைய எபிசோடுகளை அதே பெயரில் மறுஒளிபரப்பு செய்தன. பெட்டி அத்தனையையும் புதிது என்று நினைத்து மூச்சுவிடாமல் பதிந்து தள்ளியது. அதற்கு இடம் கொடுக்க எதை அழித்தது என்று கேட்காதீர்கள்.

நம்பகம் பற்றிக் கேட்டான் நண்பன். அதில் பெட்டியின் மேல் பாதிப் பழிதான் போட முடியும். ரெக்கார்டர் பெட்டிக்குள் டிஸ்க் ஓய்வதே இல்லை. நாம் எதையும் பதியாவிட்டாலும், பார்த்துக்கொண்டிருக்கும் சேனலை அது எழுதிக்கொண்டேதான் இருக்கும். இல்லையென்றால் நினைத்த நேரத்தில் பின்னால் போக முடியாதே. ரிமோட்டில் அணைத்தாலும் பல பெட்டிகளில் டிஸ்க் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது ஷோகேஸ் தட்டில், டிவிக்குக் கீழே, அம்மா தைத்துப் போட்ட பூப்போட்ட உறைக்குள் வருடக்கணக்கில் வெந்துகொண்டிருந்தது. உறையை எடுத்தால் தூசி, போட்டால் சூடு. அப்புறம் கரண்ட். இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதில் வைக்காவிட்டால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறுகிற அந்தக் கண்ணிமைப்பில் பெட்டி அணைந்து மறுபடி எழும். எழுந்து சிக்னல் பிடிப்பதற்குள் ஒரு ஓவர் போயிருக்கும், பதிவு இரண்டு துண்டாக இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் பிடுங்குவது எந்த ஹார்டு டிஸ்க்குக்கும் ஆகாது.

மழைக்குப் பெட்டியைத் திட்டிப் பயனில்லை. செயற்கைக்கோளிலிருந்து டிஷ்ஷுக்கு வரும் கேயு பேண்ட் அலை அடைமழையில் கரைந்துவிடும், எந்தக் கம்பெனி ஆனாலும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி வாக்கிலும் சில நாட்கள் நண்பகலை ஒட்டிச் சில நிமிடம் படம் சிதறுவதும் அப்படித்தான். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. அந்த நேரம் ஓடுகிற சமையல் நிகழ்ச்சியைப் பதிபவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் விஷயம் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதை எந்த டீலரும் சொல்வதில்லை. ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிய, பெட்டிக்குள் சேனலைப் பிடிக்கிற டியூனர் இரண்டு இருக்கிறது. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்குகிற எல்என்பிக்குப் பெட்டி 13 வோல்ட் கொடுத்தால் ஒரு வகைச் சேனல்கள் வரும், 18 வோல்ட் கொடுத்தால் இன்னொரு வகை. ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்க முடியும். அதனால் மொட்டை மாடியிலிருந்து இரண்டு கேபிள் இறங்கியே ஆக வேண்டும். சோம்பேறித்தனத்தில் ஒரே கேபிளை ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் சரியாக வேலை செய்வது போலவே இருக்கும். குறிப்பிட்ட சேனலைப் பார்க்கும்போது குறிப்பிட்ட சேனல் மட்டும் பதிவாகாது. எங்கள் வீட்டில் இரண்டு கேபிள் இருந்தும் இதே கூத்து ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தது. கால் சென்டரில் பெட்டியை ரீசெட் செய்யச் சொன்னார்கள், ஃபார்மட் செய்யச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் மாடியில் இரண்டாவது கேபிளின் கனெக்டர் பச்சை பூத்து, உள்ளே இருக்கும் செம்புக் கம்பி முறுக்குபோல் ஒடிந்தது. ஃபார்மட் செய்யாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

இப்போது டிஸ்க்குக்கு வருகிறேன். முதலில் பதிவில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது, நேரலை பளிச்சென்றிருந்தது. பிறகு ராத்திரி வீடு அடங்கியதும் ஷோகேஸிலிருந்து டிக், டிக் என்று சத்தம். டெக்னீஷியன் பையன் வந்தான், காதை வைத்துக் கேட்டான்.

"டிஸ்க் போச்சு சார். பாக்ஸையே மாத்தித் தந்துடுறேன்."

"உள்ளே இருக்கறதெல்லாம்?"

"அது வராது சார்."

"டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கொடுங்க, நான் கம்ப்யூட்டரில் போட்டு எடுத்துக்கறேன்."

சிரித்துவிட்டான். நல்ல டிஸ்க்காக இருந்தாலும் கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாது. பதிவெல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டு, அந்தப் பெட்டிக்கும் அதில் செருகியிருக்கும் சந்தா கார்டுக்கும் மட்டும் திறக்கிற மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. அதே கம்பெனியின், அதே மாடல் பெட்டிக்குக்கூட மாற்ற முடியாது. ரீசார்ஜ் ஒருநாள் தவறினாலே, நம் வீட்டில், நாம் பதிந்த நிகழ்ச்சியைப் போட மாட்டேன் என்கிற பெட்டி அது. டிஸ்க் செத்தபின் எப்படித் தரும்?

பூட்டுப் போட்டு வைத்திருந்தவற்றில் இரண்டு. 2021 ஜனவரி 19, பிரிஸ்பேன் காபா மைதானத்தின் ஐந்தாம் நாள். இந்தியா 328 ரன்னைத் துரத்தி ஜெயித்த டெஸ்ட், பந்த் 89 நாட் அவுட். நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் அதுதான் முதல் டெஸ்ட். கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று அம்மாவுடையது. ஊரில் பொங்கல் பட்டிமன்றம் படம்பிடித்தபோது பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நடுவர் ஒரு ஜோக் சொல்ல, கேமரா இரண்டு விநாடி அம்மா முகத்தில் நிற்கும். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த இடத்தைப் போட்டுக் காட்டுவார். கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூடப் பார்த்திருக்கிறார். காபாவாவது எங்காவது கிடைக்கும். அந்த இரண்டு விநாடி எந்த ஆப்பிலும் இல்லை, நான் தேடிப் பார்த்தேன்.

"இப்போதுதான் எல்லாமே ஆப்பில் இருக்கிறதே" என்று ஆபீஸில் சொல்கிறார்கள். அங்கேயும் நம்முடையது என்று எதுவும் இல்லை. ஐபிஎல் 2022 வரை ஹாட்ஸ்டாரில் இருந்தது, 2023-ல் ஜியோசினிமாவுக்குப் போனது, 2025-ல் இரண்டும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது. உரிமை கை மாறினால் பழைய ஆட்டமும் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. யுஎஸ்பி பெட்டிகளும் இருக்கின்றன, நம் பென் டிரைவையோ வெளி டிஸ்க்கையோ செருகிப் பதியலாம். இடம் போதாவிட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், அந்த வரைக்கும் பரவாயில்லை. ஆனால் மலிவான பென் டிரைவ் எச்டி வேகத்துக்கு எழுத முடியாமல் திணறும், சின்ன யுஎஸ்பி துளை 500 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும் என்பதால் சில டிஸ்க் சுற்றவே சுற்றாது. எல்லாம் சரியாக அமைந்தாலும் அந்தப் பதிவும் அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். டிஸ்க் நம்முடையது, உள்ளே இருப்பது நம்முடையதல்ல.

ஆக நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. பழைய ஸ்டாக் என்றால் அந்த டிஸ்க் எத்தனை வருடம் குடோனில் கிடந்ததோ. கம்பெனிகளும் ரெக்கார்டரைக் கைகழுவிக்கொண்டு, இன்டர்நெட் பெட்டியைத்தான் தலையில் கட்டுகிறார்கள். எனக்கும் அதைத்தான் கொண்டுவந்தான் அந்தப் பையன். டிஸ்க் இல்லை, சத்தம் இல்லை, சூடு இல்லை என்று நன்றாகவே விளக்கினான். அம்மா, "இதில் நிறுத்திவிட்டுப் போனால் நிற்குமா?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அவன் இழுத்தான். மறுபடி ரெக்கார்டரே வேண்டும் என்று சொல்லி, அவன் எங்கெங்கோ போன் போட்டு விசாரித்து, நாலு நாள் கழித்து ஒன்று வந்தது. அதில் இப்போது பாதி நிறைந்துவிட்டது.

கேட்காமல் வாங்கத்தான் போகிறாய் என்றால் இரண்டு கேபிள் இழுக்கச் சொல், ஸ்ப்ளிட்டரைக் கண்டால் விரட்டிவிடு. கடைக்காரரிடம் இன்னொரு பெட்டி இருக்கிறதா என்றும் விசாரித்துச் சொல், மாடி டிவிக்கு ஆகும்.