நான்கு ஆண்டுகளாகக் கையிலிருக்கும் பச்சை லேசர்

மண்டபம் பக்கத்துப் பள்ளியொன்றில் இயற்பியல் கற்பிக்கும் நான், அரியமான் கடற்கரையில் மாணவர்களுக்கு விண்மீன்களைச் சுட்டிக்காட்டுவதற்காக 2021ஆம் ஆண்டு ஒரு பச்சை லேசர் வாங்கினேன். உறையில் 5 மில்லிவாட், 532 நானோமீட்டர் என்று அச்சிட்டிருந்தது.

அதன் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. உள்ளிருக்கும் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு, நியோடிமியம் கலந்த வனடேட் படிகத்தைத் தூண்ட, அது 1064 நானோமீட்டர் ஒளியை உமிழ்கிறது, அடுத்துள்ள கே.டி.பி. (பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட்) படிகம் அந்த ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிக்கிறது; அலைநீளம் பாதியாகி, 532 நானோமீட்டர் பச்சை கிடைக்கிறது. 1961இல் இயற்பியலாளர் பீட்டர் ஃபிராங்கனின் குழுவினர் ரூபி லேசரைக் குவார்ட்ஸில் பாய்ச்சி இதை முதன்முறையாகக் காட்டியபோது கிடைத்த புள்ளி மிக மங்கலாக இருந்ததால், இதழில் அச்சேறுகையில் அதை அழுக்கென்று எண்ணி அழித்தே விட்டார்கள். அதே வேலை இன்று இரண்டு பென்சில் பேட்டரிகளில் நடப்பதற்குக் காரணம், படிகங்களின் இரு முனைகளிலும் உள்ள ஆடிப் பூச்சுதான். அது 1064 ஒளியை வெளியே விடாமல் முன்னும் பின்னும் ஓடவிடுவதால் உள்ளே செறிவு பன்மடங்காகிறது. செறிவு இரட்டித்தால் பச்சை நான்கு மடங்காகிறது.

இந்த நுட்பமான ஏற்பாடே சித்திரை வெயிலில் காலை வாருகிறது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் டையோடின் அலைநீளம் ஏறத்தாழ 0.3 நானோமீட்டர் நகர்கிறது; வனடேட் நன்றாக உட்கவரும் பட்டையோ சில நானோமீட்டர் அகலமே உடையது. பகல் முழுவதும் பைக் பெட்டியில் கிடந்த லேசரை இரவு ஏழு மணிக்கு எடுத்தால், கற்றை மங்கி, விட்டுவிட்டுத்தான் வரும். இப்போதெல்லாம் அதைத் தண்ணீர்ப் பானையின் அருகே வைத்துவிட்டு, மாலையில்தான் எடுத்துச் செல்கிறேன். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அழுத்துவதுமில்லை. உப்புக்காற்றில் பேட்டரி ஸ்பிரிங்கில் களிம்பு ஏறுவதால், மாதமொரு முறை உப்புத்தாளால் தேய்க்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கென மலிவாக வாங்கிய இன்னொன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் கற்றையைக் குறுந்தகட்டில் பட்டுச் சிதறவிட்டு, கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெளிர் ஊதாப் புள்ளிகள் தெரிந்தன. அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி அதில் இல்லை. தெரியாத ஒளிக்குக் கண் இமைக்காது என்பதால் அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை. விற்றவர் திரும்பப் பெறவும் மறுத்துவிட்டார். எந்த லேசரானாலும் படகுகளின் பக்கமோ, உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருப்பதால் விமான விளக்கு தெரியும் திசையிலோ நான் நீட்டுவதில்லை.

சென்ற ஆண்டு வாங்கிய, படிகங்கள் இல்லாமல் டையோடே பச்சை உமிழும் 520 நானோமீட்டர் நேரடி டையோடு லேசர் வெயிலுக்கு அசரவில்லை. ஆனால் அதன் புள்ளி நீள்வட்டமாக விரிகிறது. தை, மாசி இரவுகளில் இன்னும் பழையதைத்தான் எடுத்துச் செல்கிறேன்.