பால் மீட்டர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்: 96,000 ரூபாய் போன கதை

பண்ருட்டிப் பக்கம் 9 கறவை மாடு வைத்திருக்கிறோம். எல்லாம் கலப்பினம். இரண்டு வேளையும் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறோம். போன தை மாதம் ஒரு கம்பெனி ஆள் கொட்டகைக்கே வந்தார். நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருப்பதால் கம்பெனி பெயரை எழுதவில்லை.

"மேடம், மாடு நொண்டுறதுக்கு 5 நாள் முன்னாடியே போனுக்கு மெசேஜ் வந்துடும். பால் கறக்கும்போதே கண்டுபிடிச்சிடும்" என்றார். கறவை இயந்திரத்தின் குழாயில் ஒரு மீட்டர், மாட்டின் காதில் ஒரு டேக், போனில் ஒரு ஆப். மொத்தம் 96,000. அது போக மாதம் 650 சந்தா. வீட்டுக்காரர் யோசித்தார், நான்தான் சரி என்றேன். முந்தின ஐப்பசி மழையில் குளம்பு அழுகி ஒரு மாட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டிருந்தோம். அந்தக் கடுப்பு எனக்கு.

ஆடி மாதம் செம்பிக்குப் பால் குறைய ஆரம்பித்தது. 11 லிட்டர் கறந்தவள் 10, அப்புறம் ஒன்பதரை. ஆப்பில் பச்சை விளக்குதான். ஒரு நாள் கறந்துகொண்டிருக்கும்போது என் மாமியார், "இவ பின்னங்கால மாத்தி மாத்தி வைக்கிறா, பாத்தியா?" என்றார். குனிந்து பார்த்தேன். இடது பின்னங்காலின் நுனி மட்டும் தரையில் பட, குதிப்பக்கம் தூக்கியே நின்றது. முதுகும் லேசாக வில் மாதிரி வளைந்திருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டேன். "ஆப்ல சிவப்பு வரலன்னா பயப்படாதீங்க மேடம், வெயிலுக்குக் குறையும்" என்றார்கள். நானும் நம்பி எட்டு நாள் விட்டுவிட்டேன். அத்தை சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும், அது என் தப்பு.

ஒன்பதாம் நாள் காலை செம்பி எழுந்திருக்கவே அடம்பிடித்தாள். பால் 8 லிட்டர். ஆப் அப்போதும் பச்சை.

கால்நடை மருந்தகத்து டாக்டர் வந்து காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டி, வெளிப்பக்கக் குளம்பின் அடியைக் கத்தியால் மெல்லச் சீவினார். உள்ளே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்த சதை. அடிக்குளம்புப் புண். "சீசன்ல பலாச் சக்கை போட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். போட்டோம். மண்டியில் சும்மா கிடைக்கிறதே என்று வைகாசி, ஆனியில் கூடை கூடையாகப் போட்டோம். இனிப்பும் மாவும் மொத்தமாக உள்ளே போனால் வயிறு புளித்து, குளம்புக்குள் ரத்த ஓட்டம் கெட்டு, புதிதாக வளரும் குளம்பு பலமில்லாமல் வருமாம். அது புண்ணாகத் தெரிய இரண்டு மாதம் ஆகும் என்றார். கூடவே சிமெண்ட் தரை. நல்ல குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டினார், புண் உள்ள குளம்பு தரையில் படாமல் தொங்குவதற்கு.

கருப்பி கதை வேறு. அவள் சாதாரணமாகவே 6 லிட்டர்தான். ஒரு நாள் 5 கறந்தாள், உடனே சிவப்பு விளக்கு: "கால் நோவு, நடமாட்டம் குறைக்கவும்." இரண்டு நாள் கட்டிப் போட்டு காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ பருவத்துக்கு வந்திருந்தாள். சினை ஊசி போட வேண்டிய நேரம் போய், அடுத்த பருவத்துக்கு இன்னும் 21 நாள்.

ஏன் இப்படி என்று மூன்று முறை கேட்டு, கடைசியில் ஒரு இன்ஜினியர் வாயைத் திறந்தார். கறவை ரோபோ இருக்கும் வெளிநாட்டுப் பண்ணை மாடுகளின் தகவலை வைத்துச் செய்த ஆப் அது. அங்கே மாடு அவிழ்ந்தே திரியும். தோன்றும்போது தானே நடந்து ரோபோவுக்குப் போகும், போனால் அங்கே தீவனம் கிடைக்கும். கால் வலித்தால் போகிற தடவை குறையும். வரிசையில் போய்க் கறக்கும் பண்ணையில் நொண்டி மாடு கடைசியில் நிற்கும். சில இடத்தில் நாலு காலின் பாரத்தையும் தனித்தனியாக எடை போடுகிறார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் கொட்டகையில் யாரை முதலில் கறப்பது என்று முடிவு செய்வது நான். முளையில் கட்டிக் கிடக்கிற செம்பி எங்கே பிந்தி வருவது?

மிஞ்சுவது பால் அளவு ஒன்றுதான். மடிநோய், மூன்று நாள் காய்ச்சல், பருவம், தீவன மாற்றம், எதற்கும் பால் குறையும். அதையாவது ஒழுங்காகப் பார்த்தார்களா? எல்லா மாட்டின் சராசரிக்கு 30 சதவீதம் கீழே போனால்தான் அலாரமாம். எங்கள் சராசரி ஏழரை லிட்டர். செம்பி மூன்று லிட்டர் இழந்தும் சராசரிக்கு மேலேயே நின்றாள், கருப்பி ஒரு லிட்டர் குறைந்ததும் மாட்டிக்கொண்டாள். அந்தந்த மாட்டை அதன் பழைய கணக்கோடு ஒப்பிட வேண்டும் என்பது சங்கத்தில் பால் ஊற்றுகிற யாருக்கும் தெரியும்.

பால் கணக்கே வீண் என்று நான் சொல்லவில்லை. 2002 இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் செய்த ஒரு ஆய்வு வெளிவந்தது. நொண்டிய மாடுகளுக்கு 305 நாள் கறவையில் சராசரியாக 360 கிலோ பால் குறைந்ததாம். நொண்டல் கண்டுபிடிக்கப்படுவதற்கு 4 மாதம் முன்பிருந்தே அந்தக் குறைவு தொடங்கியிருந்ததாம். அதனால்தான் இந்த வியாபாரம் நம்பும்படி இருக்கிறது. உங்களிடம் விற்க வந்தால், கட்டிப்போட்டுக் கறக்கும் கொட்டகையில் இதைச் சோதித்தீர்களா, எதோடு ஒப்பிட்டு அலாரம் அடிக்கும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். என் ரசீதின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் "தகவல்கள் ஆலோசனை மட்டுமே" என்று இருந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "வியாபாரத்துக்கு வாங்கினது, நுகர்வோர் கோர்ட்டு எடுக்காது" என்று பயமுறுத்தினார்கள். சொந்தமாக உழைத்துப் பிழைக்க வாங்கிய பொருளுக்கு 2019 நுகர்வோர் சட்டத்தில் இடம் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915 க்குப் போன் போட்டேன், அப்புறம் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவும் கொடுத்துவிட்டேன். 5 லட்சம் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

செம்பி இப்போது ரப்பர் பாயில் நிற்கிறாள், 9 லிட்டர் வருகிறது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம் பக்கம் இந்த மாதிரி மீட்டர் வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். என் மனுவின் நகல் தருகிறேன்.