காந்தப்புலத்தைக் கேட்கும் சுருள்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

ஜெர்மன் ஒலிக்கலைஞர் கிறிஸ்டினா கூபிஷ் 2004 முதல் நடத்திவரும் 'மின் நடைகள்' பற்றிப் படித்துத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. தூண்டல் சுருள் பொருத்திய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நகரத்தில் நடப்பார்கள். ஏ.டி.எம், டிராம், கடைவாசலின் திருட்டுத் தடுப்புக் கதவு எல்லாம் காதில் விழும். என்னிடம் இருப்பது அதன் எளிய உறவினர்: இரண்டு செப்புச் சுருள், ஒரு பெருக்கி, ஹெட்ஃபோன் துளை. அவ்வளவுதான்.

மின்னோட்டம் மாறினால் அதைச் சுற்றிய காந்தப்புலமும் மாறும். அது சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். ஃபாரடே 1831-இல் கண்டதுதான். அந்த மின்னழுத்தத்தைப் பெருக்கி ஹெட்ஃபோனுக்கு அனுப்பினால் ஒலி. எண்களை ஒலியாக மாற்றும் மென்பொருள் எதுவும் நடுவில் இல்லை. அந்த நேரடித்தன்மைதான் எனக்கு இன்னும் அலுக்காமல் இருப்பதற்குக் காரணம்.

விலை உயர்ந்த சாதனங்களைவிட மலிவான சார்ஜர்கள்தான் நன்றாகப் பாடுகின்றன. வெளிச்சத்தைக் குறைத்த எல்.இ.டி. விளக்கு ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். லேப்டாப்பின் மேல் சுருளை மெல்ல நகர்த்தினால் விரற்கடைக்கு விரற்கடை வேறு ஒலி. சுட்டியை அசைத்தாலே தாளம் மாறும். 2ஜி கைப்பேசியின் 'டர்ர்ர்' 217 ஹெர்ட்ஸ் துடிப்பு. மின்ரயில் கிளம்பும்போது மோட்டாருக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டரின் ஸ்வரம் படிப்படியாக ஏறுவது அலாதி, ஆனால் ஏறும் முன்பே வால்யூமைக் குறைத்துவிடுங்கள்.

வைஃபையைக் கேட்கலாம் என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை இந்தச் சுருளுக்கு எட்டாது. ரவுட்டர் அருகே கேட்கும் டிக்டிக் ஒலி, அலையை அனுப்பும்போது அது மின்சாரத்தை இழுக்கும் துடிப்பு. கதிர்வீச்சு அளவியாக இதைப் பயன்படுத்துவதும் வீண். தூண்டப்படும் மின்னழுத்தம் புலம் மாறும் வேகத்தைப் பொறுத்தது என்பதால், அதே வலுவுள்ள புலத்தில் உயர் அதிர்வெண் கூடுதல் சத்தமாகக் கேட்கும். காதுக்குப் பெரிதாகத் தெரிவது புலத்தில் பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

பெரிய தொல்லை, வீட்டு மின்கம்பியின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முனகலும் அதன் மடங்குகளும். வடிகட்டி போட்டால் நல்ல ஒலியும் சேர்ந்து மெலிகிறது. சுருளைத் தொண்ணூறு பாகை திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் முனகல் சட்டென்று அடங்கும். சிறிய மூலத்திலிருந்து விலக விலகப் புலம் ஏறத்தாழ தூரத்தின் மும்மடிக்கேற்பக் குறையும் (தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒன்றாகும்), ஆகவே ஓரிரு சென்டிமீட்டரே கலவையை மாற்றிவிடும். ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் செய்வதை இங்கே மணிக்கட்டு செய்கிறது.

பதிவுசெய்யும்போது ரெக்கார்டரும் ஒரு மூலம் என்பதை மறக்கக் கூடாது. கைப்பேசியில் பதிவதென்றால் இன்னும் மோசம். நீளமான கம்பி போட்டுத் தள்ளி வையுங்கள். 192 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில், அதாவது நொடிக்கு 1,92,000 முறை ஒலியை அளந்து பதிந்து, நான்கு மடங்கு மெதுவாக ஓட்டினால், செவிக்கு மேலிருந்த சில கீச்சொலிகள் இறங்கி வந்து காதில் விழும்.

மின்னல் பூமியின் காந்தக் கோடுகள் வழியே அனுப்பும் விசில் ஒலிகளுக்கு இது போதாது. அதற்கு மின்கம்பிகளிலிருந்து வெகு தூரமும் வேறு ஆன்டெனாவும் வேண்டும்.

ஆசை நிலைக்குமா என்று தெரியாதவர்கள் தொலைபேசி உரையாடலைப் பதிவுசெய்ய முன்பு விற்ற ஒட்டுச் சுருளை ரெக்கார்டரின் மைக் துளையில் செருகித் தொடங்கலாம். ஸ்டீரியோ கிடைக்காது, மற்றபடி மேலே சொன்ன பெரும்பாலான ஒலிகள் அதிலேயே வரும்.