சுங்கை சிப்புட் சனிக்கிழமை நிர்வாக வகுப்பு: நாலு வாரம் வரை நன்று

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கடைவீட்டு மாடியில் 12 சனிக்கிழமை நடக்கும் ஆப்பரேஷன்ஸ் மேனேஜ்மென்ட், அதாவது ஆலை, கடை வேலைகளைத் திட்டமிட்டு நடத்தும் வகுப்பு இது. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடித்த பிள்ளைகளும் ஆலை சூப்பர்வைசர்களும் சேர்கிறார்கள். தமிழும் மலாயும் கலந்த விளக்கம், அதில் குறையில்லை. கோளாறு பாடங்களின் வரிசையில்.

தொடக்கம் பிரமாதம். லோரி எடைமேடையில் ஏறுவதிலிருந்து எண்ணெய் தொட்டியில் சேர்வது வரை ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையை ஒரே படமாக வரைய வைக்கிறார்கள். நாலாம் வாரக் கணக்கு: 3 ஸ்டெரிலைசர் (குலையை நீராவியில் அவிக்கும் கலன்), ஒவ்வொன்றிலும் 30 டன் குலை, அவிய 90 நிமிடம். ஆக மணிக்கு 60 டன். எண்ணெய் பிழியும் பிரஸ் மணிக்கு 50 டன் குலைக்கு ஈடுகொடுக்கும். பிரஸ்தான் இடுக்கு, அதாவது மொத்த ஓட்டத்தையும் கட்டுப்படுத்தும் இடம் என்று வகுப்பே எழுதிவிடும். ஏற்றி இறக்க 30 நிமிடம் என்பதை அப்புறம்தான் சொல்கிறார்கள். சுற்று 120 நிமிடமாகிறது, திறன் 45 டன்னுக்கு இறங்குகிறது, இடுக்கு ஸ்டெரிலைசருக்குத் தாவிவிடுகிறது. அவசரப்பட்டுப் புதுப் பிரஸ் வாங்கியிருந்தால் காசு தண்டம்.

அடுத்து லோரிகள் காத்து நிற்கும் வரிசைக்குத்தான் பாடம் போயிருக்க வேண்டும். அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் அவிக்காவிட்டால் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் கெடும். வாசலில் லோரி காத்து நிற்பதற்கும் விலை உண்டு. இவர்களோ 5ஆம் வாரம் தேவைக் கணிப்பு, 6ஆம் வாரம் தொழிற்சாலைக்கு இடம் பார்ப்பது, 7ஆம் வாரம் ஏதோ கார் தொழிற்சாலை என்று அலைகிறார்கள். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி (வரும் வேகத்தை உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் சராசரி எண்ணிக்கை) 9ஆம் வாரத்தில் ஒரே பக்கம். ஆலை வாசலிலேயே அதை முடித்திருக்கலாம்: மணிக்கு 12 லோரி, ஒவ்வொன்றும் உள்ளே 45 நிமிடம் என்றால் சராசரியாக 9 லோரி வளாகத்தில். கூடவே ஏற்ற இறக்கத்தையும் காட்டலாம். லோரிகள் கண்டபடி வந்து, எடைபோடும் நேரமும் கூடிக் குறையும் எளிய மாதிரியில், மேடை 80% நேரம் வேலையில் இருந்தால் மேடையிலும் வரிசையிலுமாகச் சராசரி 4 லோரி, 90% என்றால் 9, 95% என்றால் 19. இதைப் பார்க்காதவர் மேடை ஒரு நிமிடமும் சும்மா இருக்கக்கூடாது என்றுதான் அடம்பிடிப்பார்.

பெரிய சறுக்கல் சரக்கிருப்பில். சிக்கன ஆர்டர் அளவுக்கு (ஆர்டர் செலவும் இருப்பு வைக்கும் செலவும் சேர்ந்து மிகக் குறைவாக வரும் அளவு) உரமூட்டையை உதாரணமாக்குகிறார்கள். தேவை ஆண்டு முழுக்கச் சீராக இருந்தால்தான் அந்தச் சூத்திரம் செல்லும். உரம் மழை பார்த்துச் சில சுற்றுகளில் போடுவது. ரொட்டி சானாய் கடையின் மாவுமூட்டை பொருந்தும்: ஆண்டுக்கு 1200 மூட்டை, ஒரு ஆர்டருக்கு 50 ரிங்கிட் செலவு, ஒரு மூட்டையை ஓராண்டு வைத்திருக்க 3 ரிங்கிட். விடை 200 மூட்டை, ஆண்டுக்கு 6 ஆர்டர். ஈரம், வண்டு பற்றிய கேள்வியும் தானாக வரும்.

தரக் கட்டுப்பாடு பரவாயில்லை. தேர்வில் சூத்திரம் மட்டுமே கேட்கிறார்கள்.

சேருவதாக இருந்தால், முதல் நாலு வாரத்துக்கு மட்டும் கட்டணம் வாங்குவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.