மெலோடிக் புரோகிரசிவ் ஹவுஸ் மிக்ஸ் ஆல்பம்: நெடுநாள் கேட்டபின்

மிக்ஸ் ஆல்பம் என்பது ஒரு டிஜே பல ட்ராக்குகளை இடைவெளியில்லாமல் ஒன்றோடொன்று கலந்து கோத்துத் தருவது. அதைப் பாட்டுத் தொகுப்பு என்று நினைத்துப் போட்டால் பத்தாவது நிமிடத்திலேயே அலுத்துவிடும். பாட்டு எப்போது மாறியது என்று தெரியாது, தாளம் ஒரே சீராக அடித்துக்கொண்டே இருக்கும். அதையே 70 நிமிடம் ஓடும் ஒரே இசையாக எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டால் காது வேறு இடங்களில் போய் நிற்கத் தொடங்கும். இரண்டு ட்ராக்குகள் சேரும் இடங்கள்தான் அவை. ஒரு மிக்ஸ் ஆல்பம் பல ஆண்டுகள் தாங்குமா, இரண்டு வாரத்தில் தீர்ந்துபோகுமா என்பதை அந்த இணைப்புகள்தான் தீர்மானிக்கின்றன.

மெதுவாக வளர்ந்து ஏறும் இந்த மின்னணு நடன இசைக்கு 'புரோகிரசிவ் ஹவுஸ்' என்ற பெயரை 1992இல் மிக்ஸ்மேக் இதழில் டோம் ஃபிலிப்ஸ் வைத்தார். 1994இல் டிஜேக்கள் சாஷாவும் ஜான் டிக்வீடும் சேர்ந்து 'ரெனசான்ஸ்: த மிக்ஸ் கலெக்‌ஷன்' என்று மூன்று சிடிக்களைக் கொடுத்தார்கள். 1996இல் அதே இருவரின் 'நார்தர்ன் எக்ஸ்போஷர்' வந்தது. புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். மெதுவாகத் தொடங்கி, அவசரமே இல்லாமல் ஏறும் ஆல்பம் அது. பிறகு நகரங்களின் பெயரில் வந்த குளோபல் அண்டர்கிரவுண்ட் தொடர், ஆஸ்திரேலியாவின் பேலன்ஸ் தொடர், அஞ்சுனாடீப் என்ற இசை நிறுவனத்தின் எண்ணிட்ட தொகுப்புகள் என்று பட்டியல் நீளும். பேலன்ஸில் ஹெர்னான் கட்டானியோ செய்த 26ஆம் பதிப்பு, இந்த வகையில் பொறுமை என்றால் என்ன என்பதைக் காட்டும்.

இணைப்பில் நடப்பது என்ன? இன்றைய மெலோடிக் ட்ராக்குகள் பெரும்பாலும் 120 முதல் 124 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை தாள அடி) ஓடுகின்றன. 122 என்று வைத்துக்கொண்டால் நான்கு அடி கொண்ட ஒரு பார் 2 விநாடிக்குச் சற்றுக் குறைவு. 8 பார் சுமார் 16 விநாடி. 32 பார் 63 விநாடி. நல்ல டிஜே அடுத்த ட்ராக்கை இந்த 8, 16, 32 பார் எல்லைகளில்தான் உள்ளே விடுவார். முதலில் வருவது ஹை-ஹாட் என்னும் சிறு தாளத்தட்டின் ஒலி, அல்லது மேல் ஸ்தாயியில் ஒரு மெல்லிய ஒலி. கீழ் ஸ்தாயி ஒலியான பேஸ் வராது. ஈக்யூ என்னும் ஒலிச் சமன்படுத்தியில் அதன் பேஸைக் குறைத்து வைத்திருப்பார். ஒரு நிமிடம்போல இரண்டும் சேர்ந்து ஓடியபின், ஒரு எல்லையில் பழைய ட்ராக்கின் பேஸை வெட்டிப் புதியதன் பேஸைத் திறப்பார். பழையதன் மெலடி இன்னும் மேலே மிதந்துகொண்டிருக்கும். முதல் சில முறை கேட்கும்போது அந்த பேஸ் மாற்றத்தைத்தான் 'பாட்டு மாறியது' என்று காது எடுத்துக்கொள்ளும். பழகப் பழக, அதற்கு ஒரு நிமிடம் முன்பே வந்துவிட்ட ஹை-ஹாட்டை அது பிடித்துவிடும்.

இரண்டு பேஸும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் கீழ்ப்பகுதி கலங்கிப்போகும், அல்லது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கிக் என்னும் பெரிய டிரம் அடியின் பலம் வற்றும். சுருதி பொருந்தாவிட்டால் இன்னும் மோசம். எஃப் மைனரிலிருந்து சி மைனருக்குப் போவது இயல்பாக இருக்கும். எந்தச் சுருதிகள் பொருந்தும் என்று டிஜேக்கள் பார்க்கும் கேமலாட் சக்கரத்தில் 4ஏ, 5ஏ என்று பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை அவை. அரை ஸ்வரம் தள்ளியிருக்கும் இரண்டு மெலடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பல் கூசும். பழைய வினைல் இசைத்தட்டுக் கால மிக்ஸ்களில் லேசான உரசல் கேட்பதற்கும் காரணம் இதுதான். தட்டின் வேகத்தைச் சுமார் 6 சதவீதம் ஏற்றினால் சுருதி அரை ஸ்வரம் ஏறும். 3 சதவீதம் ஏற்றினால் எந்த ஸ்வரத்திலும் நிற்காமல் நடுவில் தொங்கும். கணினி வந்தபின் வேகத்தையும் சுருதியையும் தனித்தனியாக மாற்ற முடிந்தது. 2004இல் சாஷா தன் 'இன்வால்வர்' ஆல்பத்தை ஏபிள்டன் லைவ் மென்பொருளில் உருவாக்கினார். அதில் இணைப்பு எங்கே என்று சுட்டிக்காட்டவே சிரமப்பட வேண்டும்.

இவ்வளவு கவனமாகக் கோத்ததைக் கேட்கும் கருவி கெடுத்துவிடக்கூடும். முதல் எதிரி ட்ராக்குகளுக்கு இடையே விழும் இடைவெளி. எம்பி3 கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும், ஒலியைச் சுருக்கும் என்கோடர் மென்பொருள் கொஞ்சம் வெற்று ஒலியைச் சேர்த்துவிடும். லேம் என்கோடரில் தொடக்கத்தில் மட்டும், அதை விரிக்கும் டிகோடரின் தாமதத்தையும் சேர்த்து, சுமார் 1105 சாம்பிள். அதாவது 25 மில்லிவிநாடி. சாதாரணப் பாட்டில் இது யாருக்கும் தெரியாது. கிக் அரை விநாடிக்கு ஒரு முறை விழும் இசையில் ஒவ்வொரு ட்ராக் எல்லையிலும் தாளம் தடுக்கி விழும். கேப்லெஸ் (இடைவெளியில்லாமல் ஓட்டும்) வசதி உள்ள பிளேயர் அந்த வெற்றுப் பகுதியைக் கோப்பிலுள்ள குறிப்பைப் பார்த்து வெட்டிவிடும். தரம் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகளில் இந்தப் பிரச்சினையே கிடையாது. சொந்த சிடியை ரிப் செய்பவர்கள் முழு வட்டையும் ஒரே ஃபிளாக் கோப்பாக எடுத்து, கூடவே ட்ராக்குகளின் தொடக்க நேரங்களைக் குறித்த க்யூ ஷீட் வைத்துக்கொள்வது மிகப் பாதுகாப்பானது. ஃபூபார்2000 போன்ற பிளேயர் அதை ட்ராக் வாரியாகக் காட்டும், ஆனால் எங்கும் நிறுத்தாது. சிடியில் எரிப்பதாக இருந்தால் முழு வட்டையும் ஒரே மூச்சில் எழுதும் 'டிஸ்க்-அட்-ஒன்ஸ்' முறை அவசியம். 'ட்ராக்-அட்-ஒன்ஸ்' போட்டால் ஒவ்வொரு எல்லையிலும் 2 விநாடி மௌனம்.

ஸ்ட்ரீமிங் செயலியில் கேப்லெஸ் இயங்கட்டும். ஒரு ட்ராக்கின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு தானாகக் கலக்கும் கிராஸ்ஃபேடை மறக்காமல் பூஜ்யத்தில் வையுங்கள். ஏற்கெனவே கலந்திருக்கும் இசையை அது மறுபடி கலந்து, அடுத்தடுத்து வரவேண்டிய பகுதிகளைத் தாளம் விலக ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டும். ஷஃபிளைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி இன்னும் நுட்பமான கெடுதல் செய்யும். அது ட்ராக் ட்ராக்காக அளந்தால், நீண்ட பிரேக்டவுன் (கிக் நின்று மெலடி மட்டும் ஓடும் பகுதி) கொண்ட அமைதியான ட்ராக்கை உயர்த்தும், அடர்த்தியான அடுத்ததைத் தாழ்த்தும். பத்து நிமிடமாக டிஜே கட்டி எழுப்பிய ஏற்றம், கிக் திரும்ப வரும் அந்தக் கணத்தில் சப்பென்று போய்விடும். இந்தச் சமப்படுத்தலுக்கு ரீப்ளேகெயின் பயன்படுத்துபவர்கள் 'ட்ராக் கெயின்' விட்டு 'ஆல்பம் கெயின்' தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வு இல்லாத செயலியில் வசதியையே அணைத்துவிடுவது மேல்.

வாங்கும்போதும் கவனம் தேவை. ஒரே ஆல்பம் இரண்டு வடிவில் கிடைக்கும்: கலக்காத முழு நீள ட்ராக்குகள் ஒன்று, தொடர் மிக்ஸ் மற்றொன்று. முழு நீள ட்ராக்குகளின் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் டிஜே கலப்பதற்காகவே வெறும் தாளமாக விடப்பட்டவை. அவற்றை வரிசையாகக் கேட்டால் ஒவ்வொன்றும் காலியாகத் தொடங்கிக் காலியாக முடியும். கேட்பவருக்கு வேண்டியது தொடர் மிக்ஸ்தான்.

அறையைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. நான்கு மீட்டர் நீளமுள்ள அறையில் 43 ஹெர்ட்ஸ் அருகே ஒலி தேங்கி நிற்கும். எஃப் மைனர் ட்ராக்கின் கீழ் எஃப் ஸ்வரம் 43.65 ஹெர்ட்ஸ். ஆகவே சுவரோரம் உட்கார்ந்தால் அது வீங்கிக் கேட்கும். அடுத்து வரும் சி மைனர் ட்ராக்கின் பேஸ் 65 ஹெர்ட்ஸில் இருந்தால் அந்த வீக்கம் போய்விடும். டிஜே ஒலியைக் குறைத்துவிட்டதாகத் தோன்றும். குறை மிக்ஸில் இல்லை. அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே 43 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். சுவரிலிருந்து அறை நீளத்தில் சுமார் 38 சதவீதத் தூரத்தில் நாற்காலியைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகும். மடிக்கணினியின் ஸ்பீக்கரில் பேஸே வராது என்பதால் இணைப்பின் பாதி கேட்காது. காதுக்குள் செருகும் இயர்ஃபோனில் ரப்பர் முனை சரியாக அடைக்காவிட்டாலும் இதே கதைதான். முனையின் அளவை மாற்றினாலே பேஸ் திரும்பிவிடும்.

ஒலியை மிகக் குறைத்துக் கேட்டால் மனிதக் காது பேஸைத்தான் முதலில் இழக்கும், ஹை-ஹாட் மட்டும் சலசலக்கும். அதற்காகக் கூட்டிக்கொண்டே போகவும் கூடாது. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. 70 நிமிட ஆல்பங்களை அடுத்தடுத்துக் கேட்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

நெடுநாள் கேட்டபின் முதலில் தேய்வது குரல் ட்ராக்குகள். வரிகள் மனப்பாடமானதும் அந்த ஐந்து நிமிடம் தள்ளிவிடத் தோன்றும். அடுத்துத் தேய்வது ஆரவாரமான பிரேக்டவுன்கள். எப்போது கிக் திரும்பும் என்று தெரிந்துவிட்டால் பதற்றம் இல்லை. தேயாமல் நிற்பவை ஆல்பத்தின் முதல் 20 நிமிடமும், நடுவில் பெரிதாக எதுவும் நடக்காததுபோல் ஓடும் பகுதிகளும். ஷேக்கர் ஒன்று நுழைவது, ஃபில்டர் மெதுவாகத் திறப்பது, பேஸ்லைன் ஒரு ஸ்வரம் நகர்வது போன்றவை அங்கேதான் இருக்கின்றன. ஒரு வட்டில் 12 முதல் 14 ட்ராக் உள்ள ஆல்பங்கள் இதற்கு இடம் கொடுக்கின்றன. 25 ட்ராக்கைத் திணித்தவை முதல் கேட்பில் பிரமிக்க வைக்கும், பிறகு எந்த மெலடியும் மனத்தில் தங்காது. புதிய ஆல்பம் வாங்குமுன் ட்ராக் பட்டியலின் எண்ணிக்கையைப் பாருங்கள். முன்னோட்டத்தில் உச்சக்கட்டத்தைத் தேடாமல், பதினைந்தாவது நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம் கேளுங்கள்.